இரண்டு பேரின் சராசரி

வெள்ளவத்தை
10.02.2025

அன்புள்ள தம்பி அபிஷனுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் இத்துடன் வரும் படிவத்தில் அதை எழுத இடமில்லை. டொக்டர் நடக்கச் சொன்னதால் காலையில் மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் கந்தோர் வரை நடந்தே போகிறேன். ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் எடுக்கிறது. கடற்காற்று உடம்புக்கு நல்லதாம்.

படிவத்தைக் கண்டு பயப்படாதே. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் ஐந்து வருடம் கழித்து என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைத் துறைவாரியாகவும் மொழிமூலவாரியாகவும் அச்சிட்டு வெளியிடுவதற்கென்றே எங்கள் புள்ளிவிபர அலகை உருவாக்கியிருக்கிறார்கள். எந்தத் துறையில் படித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பெற்றோர் பார்த்துத் தெரிவு செய்யலாம். இது வேண்டும் என்று உன் அப்பா மட்டும் பத்திரிகைகளுக்கு ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறார். "மக்களின் வரிப்பணத்தில் படித்தவர்கள் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்" என்ற அவருடைய வசனத்தை எங்கள் பணிப்பாளர் வெட்டியெடுத்துத் தன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். எழுதியவர் என் பெரியப்பா, திருகோணமலையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் பஸ் ஓடும்போது எதற்குப் பதிவுத் தபால் என்று கேட்பாய். எங்கள் கந்தோர் பர்ஹா, ஜனவரியில் ஒரு பட்டதாரிக்குப் போன் எடுத்தாள். அவருடைய மாமியார் எடுத்தார். பர்ஹா மாத வருமானத்தைக் கேட்க, "அதைத்தான் தங்கச்சி நானும் ரெண்டு வருசமாக் கேக்கிறன். தெரிஞ்சால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாராம். அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்பது கோப்பில் இல்லை. அன்றிலிருந்து அறிக்கை வெளிவரும் வரை பதிலாளர்களோடு நேரிலோ போனிலோ கதைக்கக் கூடாது, எல்லாம் எழுத்தில் என்று விதி. நாமிருவரும் இரண்டு வருடமாக ஒரே நகரத்தில் சந்திக்காமல் இருந்ததற்கு இப்போது ஒரு சட்டக் காரணமும் கிடைத்துவிட்டது.

மாத முடிவுக்குள் அனுப்பு. பதில் எழுதும்போது 'அக்கா' என்றே விளி. மூன்று மாதம் மூத்தவளென்றாலும் மூத்தவள்தான்.

அன்புடன்,
சாமினி
(பணிப்பாளருக்காக)

•

கொட்டாஞ்சேனை
05.03.2025

மூன்று மாத அக்காவுக்கு,

இங்கே சுகம். முழங்கால் மட்டும் நோகிறது. நாள் முழுக்க ஏசி அறையில் இருந்தால் அப்படித்தான் என்று போர்டிங் ஆன்ரி சொல்கிறா. கை இரண்டும் முழங்கை வரை கறுத்துப்போனதற்கு அவ இன்னும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. உன் நடைப் பழக்கம் தொடரட்டும்.

படிவம் கிடைத்தது. இருபத்தாறு கேள்விகள். "நீங்கள் கற்ற பாடம் உங்கள் தொழிலில் பயன்படுகிறதா: மிகவும், ஓரளவு, இல்லை." மெய்யியல் படித்தவனிடம் மூன்று பெட்டியை நீட்டி ஒன்றைத் தொடு என்பது அநியாயம்.

நானும் சில கேள்விகளை எழுத்தில் கேட்கிறேன். இது கட்டாயமா? யார் பார்ப்பார்கள்? மறுபடியும், யார் பார்ப்பார்கள்? கொள்ளுப்பிட்டிக் கம்பனியில் மனிதவள அதிகாரியாக அறுபதாயிரம் எடுக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். அதை வைத்து வெள்ளவத்தையில் ஓர் இடத்தில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார். நீ உதவிப் பணிப்பாளர், சம்பளம் எண்பத்தையாயிரம் என்று சின்னம்மா தெரு முழுக்கச் சொல்லியிருப்பதும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா போனில், "அவள் எண்பத்தைஞ்சு, நீ அறுபது. ஒரே வகுப்பு, ஒரே பாடம்" என்பார். நான் "ஓம் அப்பா" என்பேன். அவர் "என்ன ஓம்?" என்பார். அதோடு அந்தக் கிழமை முடியும்.

அது சரி, உதவிப் பணிப்பாளர் அம்மா கையெழுத்துக்குக் கீழே 'பணிப்பாளருக்காக' என்று போடுகிறா. உனக்காக ஒருவர் கையெழுத்துப் போடுவது எப்போது?

அன்புடன்,
அபிஷன்

•

வெள்ளவத்தை
14.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய். எனக்கு ஒரு குறையும் இல்லை. மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன்; அதுவும் டொக்டர் சொன்னதுதான். உடம்பு லேசாக இருக்கிறது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். கட்டாயம்தான். பதில் தராவிட்டால் தண்டப்பணம். எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் குழு இன்னும் கூடவில்லை. உன் படிவத்தைப் பார்ப்பது நானும் பர்ஹாவும் மட்டும். அச்சில் உன் பெயர் வராது. பல்கலைக்கழகம், துறை, மொழிமூலம், பட்டம் பெற்றோர் தொகை, வேலையில் உள்ளோர் வீதம், சராசரி மாத வருமானம். இவ்வளவும் ஒரு வரியில் வரும். ஐந்து பேருக்குக் குறைந்த வரியை வெளியிடக் கூடாது என்றும் விதி இருக்கிறது, ஆட்களை அடையாளம் காணாமல் இருக்க.

நம் வரியில், தமிழ்மூல மெய்யியல் சிறப்புப் பட்டத்தில், சரியாக ஐந்து பேர். ஆதிபா டொரொன்டோவில், மூன்று நினைவூட்டல் அனுப்பினோம், பனி கொட்டும் படமொன்று பதிலாக வந்தது. சாந்தகுமாருக்குப் போனது 'விலாசதாரர் சென்றுவிட்டார்' என்று திரும்பியது. எங்கே என்று தபால்காரர் எழுதவில்லை. நிஷாந்தினி ஒழுங்காகப் பதில் அனுப்பினாள்: 'வேலை என்பது யாது?' என்ற தலைப்பில் நான்கு பக்கம். தொகை எங்கும் இல்லை. பர்ஹா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அரை நாள் லீவு எடுத்தாள்.

ஆகவே உன் படிவத்துக்குக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
சாமினி
(பணிப்பாளருக்காக)

•

கொட்டாஞ்சேனை
21.04.2025

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எண்ணெய் போட்டேன், நோ குறையவில்லை. ஏன் குறையாது என்பதைக் கேள்வி 9இல் பார்.

அதை நிரப்ப ஐந்து கிழமை பிடித்தது. கேள்வி 9: தற்போதைய தொழில். நான் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அக்கா. இரண்டரை வருடமாக. வெள்ளவத்தைக் கொத்து, நுகேகொடை பிரியாணி, மழை பெய்தால் இரண்டு மடங்கு. கேள்வி 14: கடந்த மூன்று மாதச் சராசரி வருமானம். பெற்றோல் போக நூற்று மூவாயிரம். மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், அதுதான் வருகிறது. அப்பாவிடம் கூட்டிச் சொன்னவன் நான் இல்லை, குறைத்துச் சொன்னவன். மனிதவள அதிகாரிக்கு அறுபதுக்கு மேல் கொடுப்பார்கள் என்றால் அவர் நம்பமாட்டார்.

நான் வேலை செய்வதாகச் சொன்ன கம்பனி பொய்யில்லை. கிழமையில் மூன்று நாள் அங்கே போகிறேன், வரவேற்பறை வரைக்கும். ஏசியும் உண்மை. மனிதவளப் பகுதிதான் கூடுதலாக ஓடர் பண்ணுகிறது. அங்கிருக்கிற ஒரு பெண், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "மல்லி, அஞ்சு நிமிஷம் பிந்திட்டீங்க, ஒரு ஸ்டார்தான் தருவன்" என்றா. என் இடத்தில் இருந்திருக்க வேண்டிய அதிகாரி அவதான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அப்பாவிடம் சொல்லாததை உன்னிடம் ஏன் எழுதினேன் என்றால், படிவத்தின் அடியில் 'மேற்கூறியவை யாவும் உண்மை' என்று கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. அப்பா அப்படி ஒரு கோடு போட்டுத் தந்ததில்லை.

சம்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கிறது. பெண்ணின் தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "பெடியன் கதிரையில இருந்து செய்யிற வேலையோ?" அப்பா, "சுத்துற கதிரை" என்றாராம். இது வெளியில் வந்தால் சம்பந்தம் போவது ஒரு பக்கம், அப்பா தெருவில் இறங்கமாட்டார். உன்னை நம்பி அனுப்புகிறேன்.

அபிஷன்

•

வெள்ளவத்தை
09.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மழை நேரத்தில் பிரேக்கை மெதுவாகப் பிடி.

படிவம் கிடைத்தது, பதிவு செய்தாயிற்று. உன் தொழிலுக்கு எங்களிடம் குறியீடு இல்லை. 'போக்குவரத்தும் களஞ்சியப்படுத்தலும்' என்பதில் போட்டால் நீ ஒரு கிடங்கு போலத் தெரிகிறாய். பர்ஹா 'சுயதொழில் முயற்சியாளர்' என்று போட்டிருக்கிறாள். அமைச்சுக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

இனி எழுதப் போவதை இருந்து வாசி. ஐந்து பேருக்குக் குறைந்த வரியை வெளியிடக் கூடாது என்ற விதியை நேற்று மறுபடி பார்த்தேன். அது பட்டம் பெற்றவர்களை எண்ணுகிறது, பதில் தந்தவர்களை அல்ல. நாம் ஐந்து பேர் பட்டம் பெற்றோம். தொகை எழுதிப் பதில் தந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நீ. மற்றது நான், என் படிவமும் கோப்பில் இருக்கிறது. ஆகவே நம் வரியில் அச்சாகப் போவது உன் வருமானமும் என் வருமானமும் கூட்டி இரண்டால் பிரித்த எண்.

உன் அப்பா முதலில் திறக்கப் போவது அந்தப் பக்கத்தைத்தான். ஆதிபா கனடாவில் என்பதும், மற்ற இருவரின் செய்தி இல்லை என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உன்னுடைய அறுபதும் என்னுடைய எண்பத்தைந்தும் அவருக்கு மனப்பாடம். இரண்டால் பிரிப்பது அவர் முப்பத்தாறு வருடம் செய்த தொழில்.

சராசரி எவ்வளவு என்பதை வெளியீட்டுக்கு முன் உனக்குச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வரியை நீக்கும்படி பணிப்பாளருக்குக் குறிப்பு எழுதுகிறேன்.

அன்புடன்,
சாமினி
(பணிப்பாளருக்காக)

•

கொட்டாஞ்சேனை
20.05.2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

அதிகாரமில்லாவிட்டால் போகட்டும், கூட்டல் எனக்கும் தெரியும். என்னுடைய நூற்று மூன்று, உன்னுடைய எண்பத்தைந்து: நூற்று எண்பத்தெட்டு. பாதி தொண்ணூற்று நாலு. அப்பா எதிர்பார்ப்பது எழுபத்திரண்டரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரட்டித்து, கழித்து, நாற்பத்து மூவாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அரசாங்கச் சம்பளம் ஒருநாளும் பொங்கி வழியாது. ஆகவே அது என் மகனுடையது என்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை போன்.

பணிப்பாளர் வரியை நீக்காவிட்டால் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. கோபிக்காமல் வாசி. என் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தொட முடியாது. உன் படிவம் கிடக்கும் கோப்பு உன் கையில்தானே இருக்கிறது? உன் சம்பளத்தை எண்பத்தைந்து என்று எழுதாமல் நாற்பத்திரண்டு என்று எழுதிவிடு. நூற்று மூன்றும் நாற்பத்திரண்டும் நூற்று நாற்பத்தைந்து. பாதி எழுபத்திரண்டரை. அப்பாவின் கணக்கு அச்சொட்டாகச் சரி. பெயர் வராது, உதவிப் பணிப்பாளருக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. நாற்பத்திரண்டாயிரத்துக்கு இந்தக் கொழும்பில் ஒருத்தியும் சீவிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் படிவத்துக்கு அது தெரியாதே.

தம்பிக்காக ஒரே ஒரு பொய்.

அபிஷன்

•

வெள்ளவத்தை
12.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

குறிப்பை எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனேன். நிலாம் சேர் நல்ல மனிதர்; யார் சொன்னாலும் முழுக்கக் கேட்பார். இரண்டு பேரின் சராசரியில் ஒருவர் மற்றவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று விளக்கினேன். அவர் வரியைப் பார்த்தார். பிறகு மற்றத் துறைகளின் வரிகளைப் பார்த்தார். பிறகு மறுபடி நம் வரியைப் பார்த்தார்.

"மகள், இதில வேலையில உள்ளோர் நூறு வீதம் என்டு கிடக்கு."

"ரெண்டு பேர், சேர். ரெண்டு பேருக்கும் வேலை. அதான் நூறு."

"முழு நாட்டிலயும் வேற எந்தத் துறையிலயும் நூறு இல்ல. மருத்துவத்துலயும் இல்ல. நீங்க இதைப் போய் மறைக்கச் சொல்றீங்க?"

"விதியின் நோக்கம், சேர்..."

"விதியில அஞ்சு பேர் என்டு இருக்கு. பட்டமளிப்புப் படத்துல அஞ்சு பேர் நிக்கிறாங்க. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஐந்துதான். நீ கண்ணை மூடியிருக்கிறாய்.

அடுத்த நாள் அமைச்சிலிருந்தே அந்த நூறு வீதத்தைப் பற்றிக் கேட்டார்களாம். நம் வரி முன்னுரையிலும் வருகிறது. துணைவேந்தர் வாசலில் ஒரு பதாகை கட்டும் எண்ணத்தில் இருக்கிறார். மெய்யியல் துறையை மூடுவதற்கு நியமித்த குழு, இப்போது அதை விரிவாக்கும் குழுவாகப் பெயர் மாறியிருக்கிறது. அதே ஆட்கள்தான்.

உன் யோசனை பற்றி. படிவத்தில் உண்மையல்லாத தொகையை எழுதுவது குற்றம். அதை நான் செய்யமாட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அறிக்கை ஓகஸ்ட் கடைசியில்.

சாமினி
(பணிப்பாளருக்காக)

•

கொட்டாஞ்சேனை
02.07.2025

அக்காவுக்கு,

முழங்கால் அப்படியே. நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நல்லது. நீ சட்டப்படி நடந்தாய். எண்பத்தையாயிரம் எடுக்கிறவர்களுக்கு உண்மை மலிவுதான். மாத முடிவில் வந்து சேர்கிற சம்பளம், ஓய்வூதியம், கதிரை. உன் ஒரு வரியால் என் வீடு என்ன பாடுபடும் என்பதற்கு உங்கள் படிவத்தில் ஒரு பெட்டியும் இல்லை.

உன்னை மரைன் டிரைவில் இரண்டு தரம் கண்டனான். தெகிவளைப் பக்கம் ஒரு ஓடர் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது. சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு நடந்தாய். இரண்டாவது நாள் மழை. குடை பிடித்த கையை மாற்றி மாற்றிப் போனாய், பக்கத்தால் போன பஸ்ஸை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு கண்டிப்பான டொக்டரை நான் கேள்விப்பட்டதில்லை. கூப்பிட நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்ற மனம் வரவில்லை.

நீ அடுத்த முறை கண்டாலும் நான் எந்த ஹெல்மெட் என்று உனக்குத் தெரியாது. அது வசதிதான்.

அபிஷன்

•

திருகோணமலை
08.09.2025

அன்பு மகள் சாமினிக்கு,

பத்திரகாளி அம்மன் காவலில் இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்குச் சிறு இருமல். கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறா. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை என்று அபிஷன் போனில் சொன்னான். உதவிப் பணிப்பாளர் பதவியில் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன்.

அறிக்கை கிடைத்தது. அச்சுப் பிழை மூன்றைத் தவிர அருமையான வேலை. பக்கம் 212ஐத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் என் கணிப்பை எழுதி, மடித்து, உன் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். அறுபதும் எண்பத்தைந்தும் நூற்று நாற்பத்தைந்து. பாதி 72,500. பிறகு பக்கத்தைத் திறந்தேன்.

தமிழ்மூல மெய்யியல். வேலையில் உள்ளோர் 100 வீதம். சராசரி மாத வருமானம் ரூபா 72,000.

மகள், முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருத்தினேன். எங்கள் வீட்டு விடையை அரசாங்கமே திருத்திச் சரியென்று போட்டது இதுதான் முதல் தடவை. ஐந்நூறு ரூபா குறைகிறது. இருவரில் ஒருவர் ஆயிரம் ரூபாவை அடக்கமாக மறைத்திருக்கிறீர்கள். யாரென்று கேட்கமாட்டேன். அது நல்ல வளர்ப்பின் அடையாளம்.

பக்கத்தைப் பிரதியெடுத்துப் பெண்ணின் தகப்பனுக்கு அனுப்பினேன். அவர் நேற்றுப் போன் எடுத்து, "மாஸ்டர், தரகர் சொல்லிறதை நம்பேலாது, அரசாங்கம் சொன்னால் வேற கதைதானே" என்றார். நாள் வைக்கச் சொல்லிவிட்டார். இனி யாராவது புள்ளிவிபரத்தை நம்பலாமா என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டப் போகிறேன்.

இதன் பிரதி அபிஷனுக்கும் போகிறது.

ஆசிகளுடன்,
பெரியப்பா
மு. கிருபாகரன்

•

கொட்டாஞ்சேனை
13.09.2025

அக்காவுக்கு,

நீ சுகமா? இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

அப்பாவின் கடிதம் கிடைத்தது. மோட்டார் சைக்கிளின் மேல் இருந்தபடியே வாசித்தேன். ஒரு வாடிக்கையாளரின் சோறு ஆறிப்போனது, ஒரு ஸ்டார்தான் விழுந்தது. பரவாயில்லை.

எழுபத்திரண்டு. இரட்டித்தால் நூற்று நாற்பத்து நாலு. என்னுடைய நூற்று மூன்று போக நாற்பத்தொன்று. நான் நாற்பத்திரண்டு போடச் சொன்னேன், நீ நாற்பத்தொன்று போட்டிருக்கிறாய். ஏனென்று கொஞ்ச நேரம் யோசித்தேன், பிறகு விளங்கியது. அப்பாவின் கணக்கு அச்சொட்டாக வந்தால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆயிரம் குறைத்தது கெட்டித்தனம். 'அதை நான் செய்யமாட்டேன்' என்று கடிதத்தில் எழுதியது, கோப்புக்காக.

நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உண்மை மலிவு என்று எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு. எண்பத்தைந்து எடுக்கிற ஒருத்தி எனக்காகத் தன்னை நாற்பத்தொன்றாக்கி அரசாங்கப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாளே! இரண்டு மாதம் நீ பேசாமல் இருந்ததற்கும் இப்போது அர்த்தம் தெரிகிறது.

அறிக்கை வந்துவிட்டது, இனி விதி இல்லை. ஒக்ரோபர் 3, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கு உன் கந்தோருக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருகிறேன். ஓடர் இல்லை, நானே வாங்கி வருவது. வாசலில் நின்று, உதவிப் பணிப்பாளரைக் கூப்பிடுங்கோ என்று சத்தமாகச் சொல்வேன். எல்லோரும் கேட்கட்டும். டொக்டரிடம் அந்த ஒருநாள் மட்டும் அனுமதி வாங்கு.

நன்றியுடன்,
தம்பி அபிஷன்

•

வெள்ளவத்தை
29.09.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலமென்று எழுதத் தொடங்கி, இரண்டு தாள் கிழித்தாயிற்று. ஆகவே அந்த வசனத்தை இம்முறை விட்டுவிடுகிறேன்.

உன் நன்றியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கிழமை நினைத்தேன். பெறுமதியான நன்றி. தம்பிக்காக அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதிய அக்கா என்று இருப்பது, வேறு பலவாக இருப்பதை விட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வெள்ளிக்கிழமை வருகிறாய்.

என் படிவத்தை நான் பெப்ரவரி 6ஆம் திகதி நிரப்பினேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு நான்கு நாள் முந்தி. பர்ஹா அன்றைக்கே அதில் முத்திரை குத்தினாள். அதன் பிறகு அதில் ஓர் எண்ணும் மாறவில்லை. நாற்பத்திரண்டு என்று எழுத எனக்கு ஆயிரம் ரூபா போதாமல் இருந்தது.

நியமனக் கடிதம் வந்த அன்று அம்மா தபால்காரருக்கு முன்னால் வைத்து, "என்ன பதவி பிள்ளை?" என்று கேட்டா. கடிதத்தில் ஒரு வருடப் பயிற்சி என்றிருந்தது. ஒரு வருடம்தானே, முடிந்த பிறகு வரப்போகும் பதவியை இப்போதே சொன்னால் என்ன என்று நினைத்து, உதவிப் பணிப்பாளர் என்றேன். பயிற்சியை இரண்டு தரம் நீட்டிவிட்டார்கள். எங்கள் அலகில் ஆறு பேரில் நான்கு பேர் அப்படித்தான். வேலையில் உள்ளோரா, இல்லாதோரா என்று எங்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒரு குழு கூடி ஆராய்ந்தது. வேலையில் உள்ளோர் என்று முடிவானது. அப்படி இல்லாவிட்டால் நம் நூறு வீதம் ஐம்பதாகியிருக்கும்.

உன் அப்பாவின் கணக்குச் சரி. நீ குறைத்துச் சொன்னதும் நான் கூட்டிச் சொன்னதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. அறிக்கையில் உள்ள எண்ணும் சரி. இதில் யாரும் எதையும் திருத்தவில்லை. பெரியப்பாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்பதை நீயும் வந்து சொல். சம்பந்தக்காரருக்கு என்ன சொல்வது என்பது உன் பாடு. ஆனால் தாலி கட்டுவதற்கு முன் அந்தப் பெண்ணிடமாவது படிவத்தின் அடியில் இருந்த கையெழுத்துக் கோட்டைப் போல ஒன்று போட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை பற்றி. வாசலில் நின்று உதவிப் பணிப்பாளரைக் கேட்டால் எங்களிடம் உண்மையாகவே ஒருவர் இருக்கிறார், அவர் இறங்கி வருவார். அவருக்குச் சீனி வருத்தம், சோற்றைக் கொடுத்துவிடாதே. பர்ஹாவுக்குப் பக்கத்து மேசை என்று சொல்லிக் கேள், காவலாளிக்குத் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வா.

டொக்டர் என்று ஒருவரும் இல்லை. மரக்கறிச் சோறு போதும். பருப்புக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்.

அன்புடன்,
சாமினி
பட்டதாரிப் பயிலுநர் (மூன்றாம் ஆண்டு)